நகல் வேண்டும்

1996ஆம் ஆண்டு ஏப்ரல் 6. ராஜஸ்தானின் பியாவர் நகரம். சாங் கேட் என்னும் பழைய வாயிலை ஒட்டிய கடைத்தெருவில், சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கூலியைக் கூட்டு என்றோ நிலம் கொடு என்றோ அவர்கள் கேட்கவில்லை. தங்கள் ஊராட்சி செலவழித்ததாகச் சொல்லும் பணத்துக்கான ரசீதுகளும் வருகைப் பதிவேடுகளும் ஜெராக்ஸ் எடுத்துத் தரப்பட வேண்டும் என்றார்கள். மாநில அரசு உடனே ஓர் ஆணை பிறப்பித்தது. ஆவணங்களைப் பார்க்கலாம், கையால் குறிப்பும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நகல் கிடையாது என்றது அந்த ஆணை. பந்தலில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. கோடை வெயிலில் நாற்பது நாள் உட்கார்ந்திருந்தார்கள்.

பார்ப்பதற்கும் நகல் பெறுவதற்கும் இடையிலுள்ள அந்தச் சிறு வேறுபாட்டுக்காக நாற்பது நாள் கூலியை இழக்க எழுத்தறியாத மனிதர்கள் ஏன் துணிந்தார்கள்? கொள்கைகளை மாற்றுவதைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்கள் முதலில் விடை தேட வேண்டிய கேள்வி இது என்று நினைக்கிறேன்.

அந்தத் தொழில் இன்று கண்ணுக்குத் தெரியும் தொழிலாகிவிட்டது. மக்களாட்சியின் சட்டமியற்றும் வேலையை ஆராய 2005இல் டெல்லியில் பி.ஆர்.எஸ். நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் லேம்ப் என்னும் உதவித்திட்டத்தின் வழியாக ஆண்டுதோறும் இளம் பட்டதாரிகள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் உதவியாளர்களாகச் சேர்கிறார்கள். பொதுக்கொள்கைக்கென்று முதுகலைப் படிப்புகள் வந்துவிட்டன. 2014 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு தேர்தல் ஆலோசனையும் அரசியல் செய்தித் தொடர்பும் சம்பளம் தரும் துறைகளாயின. 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்கு ஐபேக் நிறுவனம் பணியாற்றியதைத் தமிழ்நாடு பார்த்தது. மடிக்கணினியும் கருத்துக்கணிப்பு அட்டவணையும் கையிலிருக்க, ஒரு தலைவரின் அடுத்த வாக்கியம் எப்படி அமைய வேண்டும் என்று யோசிக்கும் இருபத்தைந்து வயதுக்காரர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள்.

தமிழில் இந்தத் தொழிலுக்கு நிலைத்த பெயர் இன்னும் அமையவில்லை. பரப்புரை என்றால் தேர்தல் மேடைதான் நினைவுக்கு வருகிறது. பரிந்துரை என்பதில் சலுகை கேட்கும் தொனி இருக்கிறது. தொண்டு நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் ‘அட்வகேசி’ என்றே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் பொருத்தமாகப் படுவது, பேச்சில் பெரும்பாலும் கேலியாகப் புழங்கும் ஒரு சொல்: வக்காலத்து. நீதிமன்றத்தில் வக்காலத்து என்பது ஒரு தாள். வழக்கின் சொந்தக்காரர் அதில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால்தான் வக்கீல் அவருக்காக எழுந்து நிற்க முடியும். கொள்கைக்காக வாதாடுபவர் யாருடைய கைநாட்டைப் பெற்றுக்கொண்டு நிற்கிறார் என்ற கேள்வியை அந்தச் சொல் விடாமல் கேட்கிறது. பியாவர் பந்தலில் அதற்கான பதில் தெளிவாக இருந்தது. ஆனால் அந்தப் பந்தலுக்கு வந்துசேரவே பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தப் பந்தலைப் போட்ட இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அருணா ராய் 1946இல் சென்னையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்ததும் படித்ததும் பெரும்பாலும் டெல்லியில். சிறிது காலம் கலாக்ஷேத்ராவிலும் பயின்றார். ஆங்கில இலக்கியம் படித்து, 1968இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தார். எழுபதுகளின் நடுவில் அந்தப் பணியை விட்டார். அவருடைய வரலாற்றைச் சொல்பவர்கள் இந்த விலகலைத் துறவுபோலச் சித்திரிப்பது வழக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்தச் சில ஆண்டுகளில் அவர் கற்றுக்கொண்டு வெளியேறிய கல்வி. ஒரு கோப்பு எந்த மேசையில் தங்கும், குறிப்பை யார் முதலில் எழுதுவார், ‘மேலிட உத்தரவு’ என்ற சொல்லுக்குப் பின்னால் உண்மையில் யார் இருக்கிறார் என்பதையெல்லாம் உள்ளே இருந்தவர்தான் அறிவார். பின்னாளில் அவர் சார்ந்த இயக்கம் அரசோடு பேசிய மொழியில் இந்த அறிவு கடைசிவரை இருந்தது.

அடுத்த பள்ளிக்கூடம் திலோனியா. அஜ்மீர் மாவட்டத்திலிருக்கும் அந்த ஊரில் அவருடைய கணவர் பங்கர் ராய் 1972இல் தொடங்கிய சமூகப்பணி ஆய்வு மையம் இருந்தது. அங்கே 1983 வரை வேலை செய்தார். அந்த ஆண்டில்தான் பங்கர் ராயின் இயற்பெயரான சஞ்சித் ராய் என்ற பெயரிலேயே அறியப்படும் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பஞ்ச நிவாரணப் பணி என்று பெயர் சூட்டிக் குறைந்தபட்சக் கூலியைக் குறைத்துக் கொடுக்கக் கூடாது, அது கட்டாய உழைப்பைத் தடை செய்யும் அரசியல் சட்டப் பிரிவு 23க்கு எதிரானது என்றது நீதிமன்றம். வெற்றி முழுமையானதுதான். ஆனால் கூலி தரும் இடத்தில் எதுவும் மாறவில்லை. தீர்ப்பு ஒன்று கையிலிருந்தும் கூலி ஏன் வரவில்லை என்பது அடுத்த பத்தாண்டுக் காலத்தின் கேள்வியாயிற்று.

1987இல் நான்கு பேர் தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் மண்சுவர் வீடொன்றில் குடியேறினார்கள்: அருணா ராய், அமெரிக்காவில் படிப்பை விட்டுத் திரும்பிய நிகில் டே, அந்தப் பகுதியைச் சேர்ந்த சங்கர் சிங், அவருடைய மனைவி அன்ஷி. சங்கர் சிங் இந்தக் கதையில் போதுமான அளவு பேசப்படாதவர். திலோனியாவில் கைப்பொம்மைகளை வைத்து நாடகம் போட்டவர், பாடுபவர், நடிப்பவர், ஊர் மொழியில் சிரிக்க வைத்துக்கொண்டே அதிகாரத்தைக் குத்திக் காட்டுபவர். பிற்காலத்தில் அரசியல்வாதிகளின் ரத யாத்திரைகளைப் பகடி செய்து அவர் நடத்திய ‘ஊழல் ரத யாத்திரை’ ஊர் ஊராகப் போயிற்று. இன்றைய நிறுவனங்களில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்று தனி அறை ஒதுக்கப்படும் வேலை அங்கே ஒரு மனிதரின் தொண்டையிலும் விரல்களிலும் இருந்தது. அந்த மனிதர் ஊர்க்காரராகவும் இருந்தார்.

முதல் மூன்று ஆண்டுகள் அவர்கள் எந்த அமைப்பையும் தொடங்கவில்லை. இது தற்செயலாக நேர்ந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. 1990 மே 1ஆம் நாள் பீம் என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், அதாவது தொழிலாளர் விவசாயிகள் சக்தி அமைப்பு, பிறந்தபோது அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிறு நிலம் வைத்திருந்த அல்லது நிலமே இல்லாத உழைப்பாளிகள். முழுநேர ஊழியர்கள் அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்சக் கூலியையே ஊதியமாகப் பெறுவார்கள், நிறுவன நன்கொடை வாங்குவதில்லை என்ற நெறியோடு அது வளர்ந்தது. இதை எளிமை என்று மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது போதாது. அடுத்தவரிடம் கணக்குக் கேட்பவரைப் பார்த்து ‘உன் பணம் எங்கிருந்து வருகிறது’ என்றுதான் முதல் கேள்வி வரும். அந்தக் கேள்விக்கான விடை பந்தலில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. இந்தத் துறையில் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் இளைஞரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. வாடகை கட்ட வேண்டும், பெற்றோரைப் பார்க்க வேண்டும். ஆனால் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதும் அவர் பேசும் செய்தியின் ஒரு பகுதி என்பதை அவர் முதல் நாளிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கூலிப் போராட்டம் எப்படிக் காகிதப் போராட்டமாயிற்று என்பதில்தான் இந்த வரலாற்றின் உயிர் இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போன நம் ஊர்ப் பெண்களுக்கு இந்த ஏற்பாட்டைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க மண் வெட்டிச் சுமந்த பிறகு, ‘நீங்கள் செய்த வேலை அளவுக்கு வரவில்லை’ என்று கூலி குறைக்கப்படும். எவ்வளவு அளந்தார்கள் என்பது அளவுப் புத்தகத்தில், நம் ஊர் அலுவலக வழக்கில் எம்-புக்கில், இருக்கும். யார் யார் எத்தனை நாள் வந்தார்கள் என்பது மஸ்டர் ரோலில் இருக்கும். இரண்டும் பூட்டிய பீரோவில் இருக்கும். வேலை செய்தேன் என்று தொழிலாளி சொல்வார், பதிவேடு வேறு சொல்கிறது என்று அதிகாரி சொல்வார். 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த நிர்வாகத்துக்குப் பதிவேட்டைக் காட்டாமலிருப்பது இயல்பான பழக்கம். அந்தத் தாள்கள் வெளியே வராதவரை நாம்தான் பொய்யர்கள் என்பதைக் கண்டுகொண்டவர்கள் அந்தத் தொழிலாளர்கள். தகவல் உரிமை என்ற கருத்து அரசியல் சட்ட வல்லுநர்களுக்குப் புதிதன்று. அரசின் ஊழியர்கள் பொதுவில் செய்யும் ஒவ்வொன்றையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டென்று 1975இல் ராஜ் நாராயண் வழக்கில் நீதிபதி மேத்யூ எழுதியிருந்தார். ஆனால் அந்த உரிமைக்கும் அன்றைய கூலிக்கும் இடையிலிருந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டியது தேவ்டுங்ரியைச் சுற்றி நடந்த உரையாடல்கள்தான்.

1994 டிசம்பர் 2. பாலி மாவட்டத்தின் கோட்கிரானா என்ற ஊர். முதல் ஜன் சுன்வாய், மக்கள் விசாரணை, அங்கேதான் நடந்தது. எப்படியோ கிடைத்த சில பதிவேட்டுப் பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே வீடு வீடாகப் போய் விசாரித்திருந்தார்கள். பிறகு ஊர் நடுவே ஷாமியானா, ஒரு ஒலிபெருக்கி, வெளியூரிலிருந்து அழைக்கப்பட்ட நடுவர்கள். மைக்கில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. இன்னார் இத்தனை நாள் வேலை செய்து இவ்வளவு பெற்றுக்கொண்டதாகப் பதிவேடு சொல்கிறது, சரியா? கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து தான் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்பார். இறந்துபோனவர்களின் பெயர்கள் வந்தன. பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டவர்களின் பெயர்கள் வந்தன. கட்டி முடிக்கப்பட்டதாகச் சான்றளிக்கப்பட்ட கட்டடம் ஒன்று கூரையில்லாமல் அந்த ஊரிலேயே நின்றுகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தாலே போதும்.

இதைச் செய்தித் தொடர்புக் கலையின் கண்ணோடு பார்த்தால் வியப்பாக இருக்கிறது. முழக்கம் எழுப்பத் தேவையே வரவில்லை. அரசே எழுதி வைத்த ஆவணத்தை, அதில் பெயருள்ளவர்களுக்கு முன்னால், சத்தமாக வாசித்தார்கள். ஊழல் என்ற பொதுச் சொல் உடைந்து, ஒரு பெயர், ஒரு தொகை, ஒரு சுவர் என்று ஆயிற்று. ஊழல் ஒழிக என்று கத்தும் கூட்டத்தை எந்த அரசியல்வாதியும் தாங்கிக்கொள்வார், அவரும் சேர்ந்து கத்துவார். தன் தந்தை இறந்து ஆண்டுகள் ஆயின, அவர் எப்படிக் கூலி வாங்கியிருப்பார் என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்விக்கு ஓர் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். ஊராட்சித் தலைவர்களுக்கும் அந்த மைக் தரப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விளக்கம் கேட்பதற்காகவே அவர்கள் அழைக்கப்பட்டார்கள். 1998 ஜனவரியில் குக்கர்கேடாவில் நடந்த விசாரணையில் அந்த ஊராட்சியின் தலைவர் ஒரு லட்சம் ரூபாயைத் திருப்பிச் செலுத்தினார். பழிவாங்கும் மேடையாக அது இருந்திருந்தால் அப்படி நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

எதிர்ப்பும் உடனே வந்தது. ஆவணங்களைக் காட்ட மறுத்துக் கிராம சேவக்குகள் என்னும் ஊராட்சி அலுவலர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்தடுத்த விசாரணைகளுக்குப் பதிவேடுகள் கிடைப்பது கடினமாயிற்று. 1995 ஏப்ரல் 5ஆம் நாள் முதல்வர் பைரோன் சிங் செகாவத் சட்டமன்றத்தில் ஒரு வாக்குறுதி அளித்தார்: ஊராட்சிகளின் வளர்ச்சிப் பணிச் செலவு ஆவணங்களின் நகலை மக்கள் கட்டணம் செலுத்திப் பெறலாம். செய்தித்தாளில் வந்தது. ஆணை வரவில்லை. ஓராண்டு கழிந்து, அந்த வாக்குறுதியின் ஆண்டு நிறைவில்தான் பியாவரில் பந்தல் எழுந்தது.

இப்போது அந்த வேறுபாட்டுக்கு வருவோம். ஆவணத்தைப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டு வந்தால் அது எழுதியவரின் தாள். ‘நீயாக எழுதியது’ என்று சொல்லிவிடலாம். காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ அதற்கு மதிப்பில்லை. அதிலும் எழுதத் தெரியாதவருக்குக் குறிப்பெடுக்கும் உரிமையால் என்ன பயன்? நகல் என்பது அரசின் கையெழுத்தும் முத்திரையும் அப்படியே இருக்கும் தாள். அதை மடித்து மடியில் வைத்துக்கொள்ளலாம், மைக்கில் வாசிக்கலாம், படிக்கத் தெரிந்த மகளிடம் காட்டலாம், வழக்கில் சேர்க்கலாம். அரசு அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் மறுத்ததே அதன் எடையை அரசு சரியாக அறிந்திருந்தது என்பதற்குச் சான்று. பேச்சுவார்த்தையில் கிட்டத்தட்ட எல்லாமே தரப்படும் நேரத்தில் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அறிந்திருப்பதுதான் இந்தத் தொழிலில் ஆகக் கடினமான அறிவு. பியாவரில் அது பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் இருந்தது. தங்கள் அனுபவத்தில் எந்தத் தாள் எந்த இடத்தில் செல்லாமல் போயிற்று என்பது அவர்களுக்குத்தானே தெரியும்.

அந்த நாற்பது நாள்களும் கடைத்தெருவிலேயே நடந்தது நல்ல தேர்வு. மக்களவைத் தேர்தல் காலம் அது. கட்சிகள் வாக்குக் கேட்டு வந்துகொண்டிருந்தபோது பந்தலில் இருந்தவர்கள் எந்தக் கட்சிக்கும் எதிராகவோ ஆதரவாகவோ பேசாமல் நகல் கேட்டார்கள். வியாபாரிகளும் தொழிற்சங்கத்தினரும் உதவினார்கள், கிராமங்களிலிருந்து தானியம் வந்தது. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாளும் மே நாளும் அங்கேயே கொண்டாடப்பட்டன. கவியரங்கம் நடந்தது, பொம்மைகள் பேசின. ஜனசத்தா நாளிதழின் நிறுவன ஆசிரியர் பிரபாஷ் ஜோஷி வந்து பார்த்துவிட்டு, அறிவோம், வாழ்வோம் என்ற பொருளில் தலைப்பிட்டு எழுதினார். உண்ணவும் உயிர் வாழவும் தேவையான ஒன்றாகத் தகவல் அந்தத் தலைப்பில் மாறியது. பத்திரிகையாளர்களின் கருத்துரிமையாக அதுவரை பேசப்பட்டது இங்கே கூலிக்காரரின் சோற்றோடு சேர்ந்தது.

இயக்கத்தின் முழக்கம் இந்தியில் நான்கே சொல்: ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப். எங்கள் பணம், எங்கள் கணக்கு. தமிழ் வாசகருக்குக் ‘கணக்குக் கேட்பது’ என்றால் 1972 அக்டோபர் நினைவுக்கு வரும். எம்.ஜி.ஆர். கட்சிக்காரர்களிடம் சொத்துக் கணக்குக் கேட்டுக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, ஒரு புதிய கட்சியே பிறந்தது. ஒரு தலைவர் மேடையில் கேட்ட கணக்கு அது. பியாவரில் கேட்டவர்கள் வேறு. அவர்களில் ஒருவரான சுசீலாவை டெல்லியில் பத்திரிகையாளர் சந்திப்பொன்றில், நான்காம் வகுப்பு படித்த உங்களுக்கு எதற்கு இந்தத் தகவல் உரிமை என்று கேட்டிருக்கிறார்கள். மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரைச் சொல்லி அரசு கோடிக்கணக்கில் செலவழிக்கிறது, நான் கேட்க வேண்டாமா என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அருணா ராய் தன் பேச்சுகளில் இதைத் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்திருக்கிறார். எந்த ஆலோசனை நிறுவனமும் கூடி உட்கார்ந்து இந்த வாக்கியத்தை எழுதியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. அடுப்படியில் நாள்தோறும் புழங்கும் ஒரு பழக்கத்தை அப்படியே தூக்கி அரசின் முன் வைத்த வாக்கியம் அது. கேட்டவர் யாராக இருந்தாலும் அதை மறுக்கத் தன் தாயின் பழக்கத்தையே மறுக்க வேண்டியிருக்கும்.

பிறகு வந்த வேலை வேறு வகை. அந்த வாக்கியத்தைச் சட்டத்தின் மொழிக்குக் கொண்டுபோவது. 1996 ஆகஸ்டில் மக்களின் தகவல் உரிமைக்கான தேசியப் பிரச்சாரக் குழு அமைந்தது. பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் முன்னாள் அதிகாரிகளும் அதில் சேர்ந்தார்கள். நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலிருந்த இந்தியப் பத்திரிகைக் குழு வரைவுச் சட்டமொன்றை உருவாக்க முன்வந்தது. ராஜஸ்தானில் போராட்டம் தொடர்ந்தது. 1997இல் ஜெய்ப்பூரில் ஐம்பத்து மூன்று நாள் தர்ணா நடந்தது. அதன் முடிவில் மாநிலத் துணை முதல்வர் அறிவித்த செய்தியை இப்போது படித்தாலும் மனம் கனக்கிறது: ஊராட்சி ஆவணங்களின் நகல் பெறும் உரிமை ஆறு மாதங்களுக்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டதாம். வெளிப்படைத்தன்மைக்கான ஆணையை வெளியில் சொல்லாமல் வைத்திருந்தார்கள். மக்கள் ஐம்பத்து மூன்று நாள் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதே 1997இல் நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்தச் சட்டம் இங்கே எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அதில் விலக்குகளின் பட்டியல் இருபதைத் தாண்டியது. அதைக் கேட்டு எந்தத் தெருவிலும் யாரும் உட்காரவில்லை. மேலிருந்து வந்த சட்டம் மக்கள் நாவில் ஏறவில்லை. நலத்திட்டங்களில் நாட்டுக்கு வழிகாட்டிய ஒரு மாநிலத்தில், சாலைக்கும் பள்ளிக்கும் ரேஷனுக்கும் போராடிப் பழகிய மக்களிடம், இந்த ஒன்று மட்டும் வெறும் அரசிதழ்த் தாளாக நின்றுபோனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. கேட்டவர்கள் இல்லாத உரிமையில் எந்தச் சொல் முக்கியம் என்று வரைவை எழுதும் அதிகாரிக்கு யார் சொல்வார்கள்?

ஒன்றிய அளவில் 2002இல் நிறைவேறிய தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. தகவல் மறுக்கும் அலுவலருக்கு அதில் தண்டனையும் இல்லை. 2004இல் ஆட்சி மாறி தேசிய ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டு, அருணா ராய் அதில் உறுப்பினரானார். தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் கூடிச் சட்டத்தின் திசையைத் தீர்மானிப்பது முறையா என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. அது நேர்மையான விமர்சனம், எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. கதவுக்குள் போனவர் வெளியே இருப்பவர்களின் கைநாட்டோடு போனாரா என்பதுதான் என் அளவுகோல். அந்த ஆண்டு டிசம்பரில் அறிமுகமான மசோதா ஒன்றிய அரசுக்கு மட்டும் பொருந்துவதாகச் சுருங்கியிருந்தது. ஊராட்சி அலுவலகம் மாநிலத்தின் கீழ் வருவது. மசோதா அப்படியே நிறைவேறியிருந்தால் கோட்கிரானாவின் பதிவேடு அதே பீரோவில்தான் இருந்திருக்கும். வெளியே இயக்கமும் உள்ளே திருத்தங்களுமாக ஐந்து மாதம் போராடி, நூற்றுக்கு மேற்பட்ட திருத்தங்களோடு 2005 மே 11ஆம் நாள் மக்களவையில் சட்டம் நிறைவேறியது. அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தை ஒருமுறை பியாவரை மனத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பார்க்க வேண்டும். தகவல் உரிமை என்றால் என்ன என்று பிரிவு 2(ஞ) சொல்கிறது: பணிகளையும் ஆவணங்களையும் பார்வையிடுதல், குறிப்பெடுத்தல், சான்றளிக்கப்பட்ட நகல் பெறுதல், பொருள்களின் மாதிரி எடுத்தல். பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம் என்ற இரண்டோடு 1996இல் அரசு நிறுத்திய இடம் அந்த வரியிலேயே தெரிகிறது, அதைத் தாண்டி ‘நகல்’ என்ற சொல்லும் நிற்கிறது. மாதிரி எடுத்தல் என்பது சிமெண்டில் எவ்வளவு மணல் கலந்தார்கள் என்று பார்த்தவர்களின் அறிவு. தகவல் ஏன் வேண்டும் என்று மனுதாரரிடம் காரணம் கேட்கக் கூடாது என்கிறது பிரிவு 6. சுசீலாவிடம் கேட்கப்பட்ட கேள்வியை இனி எந்த அலுவலரும் கேட்க முடியாது. முப்பது நாளில் பதில் தர வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பையிலிருந்து அபராதம். கட்டணம் பத்து ரூபாய். ‘ஆர்.டி.ஐ. போட்டிருக்கிறேன்’ என்ற வாக்கியம் நம் டீக்கடைகளுக்கும் வட்டாட்சியர் அலுவலக வாசல்களுக்கும் வந்துசேர்ந்தது இந்தச் சட்டத்தால்தான், 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் அன்று. அதே ஆண்டு வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் பிரிவு 17, எல்லாப் பணிகளையும் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. கோட்கிரானாவின் ஷாமியானா சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது.

இதற்கெல்லாம் ஒரு இயக்கம் மட்டுமே காரணம் என்று எழுதினால் அது பொய்யாகும். நீதிமன்றத் தீர்ப்புகள், மகாராஷ்டிரத்தில் அண்ணா ஹசாரேயின் உண்ணாவிரதம், வெவ்வேறு மாநிலங்களில் வேலை செய்த நூற்றுக்கணக்கானோர் எல்லாம் சேர்ந்தே இது நடந்தது. விலையும் கொடுக்கப்பட்டது. 2010 ஜனவரியில் புனே அருகே தலேகாவில் சதீஷ் ஷெட்டி கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் அமித் ஜேத்வா குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுடப்பட்டார். இருவரும் தகவல் மனு போட்டுக் கேள்வி கேட்டவர்கள். பத்து ரூபாய்த் தாளுக்கு அவ்வளவு பலம் இருந்தது.

தேர்தல் ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞரின் உழைப்பை நான் மதிக்கிறேன். அவரும் மக்களிடம்தான் போகிறார், கேள்வித்தாளோடு போகிறார், அவர்கள் சொல்வதை எண்ணாக மாற்றிக் கொண்டுவருகிறார். ஆனால் அந்த எண்களிலிருந்து பிறக்கும் வாக்கியம் தலைவரின் வாயிலிருந்து மக்களை நோக்கி இறங்குகிறது. வாக்குப்பதிவு முடிந்த மாலையில் அதன் வேலையும் முடிகிறது. தேவ்டுங்ரியிலிருந்து புறப்பட்ட வாக்கியம் எதிர்த் திசையில் பயணித்தது, 1987 முதல் 2005 வரை பதினெட்டு ஆண்டு எடுத்துக்கொண்டது. முதல் பயணத்துக்கான பயிற்சி எளிதில் கிடைக்கிறது. இரண்டாவதற்கு ஓர் ஊரில் போய் இருக்க வேண்டியிருக்கிறது. அதைப் பாடத்திட்டமாக்குவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் கொள்கைப் படிப்பு முடித்து வரும் மாணவர் ஒருவர் ஓராண்டாவது கிராம சபைகளின் சமூகத் தணிக்கையில் மஸ்டர் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருந்தால், அவர் பிறகு எழுதும் வரைவில் எந்தச் சொல்லை விடக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த அறிவு இப்போது மீண்டும் தேவைப்படுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் ஒன்றிய அரசு நிர்ணயிக்கும்படி மாற்றியது. 2023இல் நிறைவேறிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஆழமான இடத்தில் கை வைத்தது. தகவல் சட்டத்தின் பிரிவு 8(1)(ஞ), தனிநபர் தகவலை மறுக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தது. ஆனால் பொதுப் பணியோடு தொடர்பில்லாததாக இருந்தால், பொதுநலன் அதைக் கோராவிட்டால் என்ற நிபந்தனைகள் கூடவே இருந்தன. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. புதிய சட்டம் அவற்றையெல்லாம் எடுத்துவிட்டுத் தனிநபர் தொடர்பான தகவல் என்ற சொற்களை மட்டும் வைத்தது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற வேறு உட்பிரிவு எஞ்சியிருக்கிறது என்று அரசு சொல்கிறது. அது உண்மைதான். ஆனால் அந்த முடிவை எடுப்பவர் பீரோவின் சாவி வைத்திருப்பவர்.

மஸ்டர் ரோல் என்பது பெயர்களின் பட்டியல். பெயர், தந்தை பெயர், வந்த நாள்கள், பெற்ற தொகை, கைநாட்டு. அதில் தனிநபர் தகவல் அல்லாத கட்டம் ஒன்றுகூட இல்லை. பெயர்களை மறைத்துவிட்டு மொத்தத் தொகையை மட்டும் தந்தால், இறந்துபோன மனிதர் எந்த வரிசை எண்ணில் கூலி வாங்கினார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோட்கிரானாவில் அன்று மைக்கைப் பிடித்தவர் வாசித்தது பெயர்களைத்தான். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு கூட்டத்தைப் பார்த்து, யாராவது எழுகிறார்களா என்று காத்திருந்தார்.